இரண்டிதழ்ப் பெருந்தமனி வால்வு: அறிகுறி இல்லாத இளைஞருக்கு எவ்வளவு கண்காணிப்பு தேவை?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது ஆகிறது. தொழிற்சாலை ஒன்றில் பணியில் சேர்வதற்கு முன் நடந்த உடற்தகுதிப் பரிசோதனையில், இதயத்தில் முணுமுணுப்பு ஒன்று கேட்பதாகக் கூறி எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகக் காட்டும் பரிசோதனை) எடுத்து வரச் சொன்னார்கள். அறிக்கையில் ‘பைகஸ்பிட் அயோர்ட்டிக் வால்வு, லேசான சுருக்கம், மிக லேசான கசிவு, ஏறு பெருந்தமனி 38 மில்லிமீட்டர், இடது கீழறையின் இயக்கம் இயல்பு’ என்று எழுதியிருக்கிறார்கள். பைகஸ்பிட் அயோர்ட்டிக் வால்வு என்பதுதான் தலைப்பில் உள்ள இரண்டிதழ்ப் பெருந்தமனி வால்வு. அவனுக்கு மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ மயக்கமோ இதுவரை வந்ததில்லை. ஊர்க் கபடிக் குழுவில் விளையாடுகிறான்.

எக்கோ எடுத்த இடத்தில் பயப்பட ஒன்றுமில்லை, மாத்திரையும் வேண்டாம் என்றார்கள். எங்கள் பகுதியில் நெடுங்காலமாக வைத்தியம் பார்க்கும் மருத்துவரோ, வால்வில் கோளாறு என்றாலே மூன்று வாரத்துக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி போட்டாக வேண்டும் என்கிறார். உறவினர்கள் அதற்குள் ‘இதயத்தில் ஓட்டையாம்’ என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அவனுக்குப் பெண் பார்க்கும் பேச்சும் வீட்டில் நடப்பதால், இதை வெளியே மூச்சுவிடக் கூடாது என்கிறார் அம்மா. இந்த ஊசி தேவைதானா, கபடியை நிறுத்த வேண்டுமா, அடுத்த பரிசோதனை எப்போது, மறைப்பது சரியா என்பவற்றைப் பற்றி அனுபவமுள்ளவர்களும் மருத்துவம் அறிந்தவர்களும் கூறினால் பெரும் உதவியாக இருக்கும்.

அலையும் படமும் எழுதியது:

சகோதரி, நான் எக்கோ பிரிவில் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை என்பதால், அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதை மட்டும் கூறுகிறேன்.

இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தம் வெளியேறும் வாசலில் இருப்பது பெருந்தமனி வால்வு. அதில் இயல்பாக மூன்று இதழ்கள் இருக்கும். கருவில் முதல் மூன்று மாதங்களுக்குள் இந்த வால்வு உருவாகும்போது இரண்டு இதழ்கள் பிரியாமல் ஒட்டியே நின்றுவிட்டால், மூன்றுக்குப் பதிலாக இரண்டு இதழ்களே வேலை செய்யும். நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, நெஞ்செலும்பின் இடது ஓரத்தில் எக்கோ கருவியின் புரோபை வைத்துக் குறுக்குவெட்டாகப் பார்த்தால், இயல்பான வால்வு முக்கோணமாகத் திறக்கும். இது மீன் வாயைப் போல் நீள்வட்டமாகத் திறக்கும். மூடியிருக்கும் நேரத்தில் மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஏனெனில் ஒட்டிய இடத்தில் உள்ள தழும்புக் கோடு மூன்றாவது இதழைப் போலவே தோன்றி ஏமாற்றிவிடும். எனவே வால்வு திறக்கும் கணத்தில் எடுத்த படம் உங்களிடம் உள்ள குறுந்தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிறவி இதயக் குறைபாடுகளில் மிகப் பரவலாகக் காணப்படுவது இதுதான். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இருக்கலாம். பெண்களைவிட ஆண்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகம். இதயத்தில் ஓட்டை என்பதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

‘லேசான சுருக்கம்’ என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். வால்வைக் கடக்கும் இரத்தத்தின் உச்ச வேகத்தை எக்கோவின் டாப்ளர் முறையில் அளந்து, நொடிக்கு இத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். 2 முதல் 2.9 வரை லேசானது, 3 முதல் 3.9 வரை மிதமானது, 4 அல்லது அதற்கு மேல் கடுமையானது. சராசரி அழுத்த வேறுபாடு 40 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டினாலும் கடுமையானதே. அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க இந்த எண்கள்தாம் தேவைப்படும். வெறும் ‘லேசானது’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஐந்தாண்டு கழித்து எதையும் ஒப்பிட முடியாது. பெருந்தமனியின் 38 மில்லிமீட்டர் எந்த இடத்தில் அளக்கப்பட்டது என்பதும் முக்கியம்: வால்வுக்கு அடுத்துள்ள வேர்ப்பகுதியிலா, அதற்கு மேலே ஏறு பகுதியிலா? அந்த இடத்தைக் குறிப்பிட்டு எழுதித் தருமாறு உரிமையோடு கேளுங்கள்.

வெள்ளாறு எழுதியது:

என் பெரியப்பாவுக்கு எழுபது வயதுக்கு மேல் தற்செயலாக எடுத்த எக்கோவில்தான் இதே குறைபாடு தெரியவந்தது. அதுவரை வயலில் இறங்கி வேலை செய்தவர் அவர். ஒரு தொல்லையும் இல்லாத 24 வயதுப் பையனை ஆண்டுதோறும் மருத்துவமனைக்கு இழுத்துச் சென்றால் அவன் மனத்தளவிலேயே நோயாளியாகிவிடுவான். தொல்லை வரும்போது பார்த்துக்கொள்ளலாமே என்பது என் கருத்து. தவறாக எண்ண வேண்டாம்.

சிறார் இதயம் எழுதியது:

நான் பிறவி இதய நோய்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். வெள்ளாறு அவர்களின் பெரியப்பாவைப் போல் பலர் வாழ்நாள் முழுவதும் அறியாமலே இருந்துவிடுவது உண்மைதான். ஆனால் ‘தொல்லை வரும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்பதை இந்த வால்வின் விஷயத்தில் நான் ஏற்கவே மாட்டேன். அதற்குக் காரணம் வால்வு மட்டுமன்று, அதற்கு மேலுள்ள பெருந்தமனி.

இரண்டு இதழ்கள் உள்ளவர்களில் கணிசமானோருக்குப் பெருந்தமனியின் சுவரும் வலுக்குறைவாக இருக்கும். வால்விலிருந்து இரத்தம் சாய்வாகப் பீறிட்டுச் சுவரில் மோதுவதும் சேர்ந்துகொள்ளும். வால்வு நன்றாக இயங்கும்போதே குழாய் மெல்ல விரிந்துகொண்டு போகலாம். விரிவதால் வலி வராது, மூச்சு வாங்காது. சுவர் கிழியும்போதுதான் முதல் அறிகுறியே தோன்றும் என்றால், அறிகுறிக்காகக் காத்திருப்பதில் என்ன பொருள் இருக்கிறது? அளந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பொதுவாக 55 மில்லிமீட்டரை எட்டினால் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. குடும்பத்தில் எவருக்கேனும் பெருந்தமனி கிழிந்திருந்தாலோ, விட்டம் வேகமாக வளர்ந்தாலோ 50 மில்லிமீட்டரிலேயே செய்வார்கள். வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறக்க வேண்டியிருந்தால், 45 மில்லிமீட்டர் இருந்தாலே அந்தப் பகுதியையும் சேர்த்து மாற்றுவது வழக்கம். உங்கள் தம்பியின் 38 அந்த எல்லைகளுக்கு வெகு தொலைவில் இருக்கிறது. ஆனாலும் அவருடைய உயரத்தையும் உடல்வாகையும் வைத்து அதை மதிப்பிட வேண்டும். உயரம் குறைந்த ஒருவருக்கு அதே 38 சற்றே அதிகமானதாக இருக்கலாம். ஓராண்டு கழித்து ஒருமுறை எக்கோ எடுத்து, மாற்றமில்லையென்றால் இடைவெளியை நீட்டிக்கொள்ளலாம். எக்கோவில் ஏறு பெருந்தமனியின் மேற்பகுதி தெளிவாகத் தெரியாவிட்டால் ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவதாக, எளிதில் செய்யக்கூடிய, ஆனால் அடிக்கடி விடுபட்டுப் போகும் ஒன்று உண்டு. வலது கையிலும் ஒரு காலிலும் இரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிட வேண்டும். கீழிறங்கு பெருந்தமனியில் பிறவியிலேயே குறுக்கம் உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த இரண்டிதழ் வால்வும் இருக்கிறது. கையில் அழுத்தம் உயர்ந்தும் காலில் தாழ்ந்தும், தொடையிடுக்கில் நாடித்துடிப்பு மங்கியும் இருந்தால் அதைத் தேட வேண்டும். இளம் வயதில் உயர் இரத்த அழுத்தம் என்று மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வேதனையாக இருக்கும், ஏனென்றால் காலில் ஒருமுறை பட்டையைச் சுற்றியிருந்தாலே விடை கிடைத்திருக்கும்.

மூன்றாவது, பெனிசிலின். நம் நாட்டில் வால்வு நோய் என்றவுடன் ருமாட்டிக் காய்ச்சல் நினைவுக்கு வருவது இயல்பே. அது குழந்தைப் பருவத்தில் தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் எழுப்பும் எதிர்வினை வால்வுகளைப் பாதிப்பதால் வருவது. பெரும்பாலும் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வைத்தான் தாக்கும். அந்நோய் உள்ளவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சத்தீன் பெனிசிலின் உயிர் காக்கும் மருந்து. யாரும் அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் உங்கள் தம்பிக்கு இருப்பது பிறவியிலேயே அமைந்தது. ருமாட்டிக் பாதிப்பு இல்லை என்று இதய மருத்துவர் எக்கோவைப் பார்த்து உறுதி செய்துவிட்டால் அந்த ஊசிக்கு இங்கே வேலையில்லை.

நான்காவது, பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் தலா ஒரு எக்கோ எடுத்துப் பாருங்கள். இக்குறைபாடு குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. நெருங்கிய இரத்த உறவினரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். சகோதரி, நீங்களும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொருநை எழுதியது:

எனக்கும் பிறவியிலேயே இரண்டு இதழ்கள்தாம். முப்பதுகளின் இறுதியில் சுருக்கம் கடுமையாகி உலோக வால்வு பொருத்தப்பட்டது. மருத்துவர் கூறியவற்றோடு, பல்லைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

இத்தகைய வால்வில் கிருமித் தொற்று ஏற்படும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். வில்லியம் ஆஸ்லர் 1886-ஆம் ஆண்டிலேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஈறில் சீழ் பிடித்திருந்தால் அங்கிருந்து கிருமிகள் இரத்தத்தில் கலந்து வால்வில் ஒட்டிக்கொள்கின்றன. எனவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் மருத்துவரைப் பார்ப்பதை உங்கள் தம்பி இதய சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன் ஆன்டிபயாடிக் போட்டுக்கொள்ள வேண்டுமா என்று கேட்பார்கள். என்னைப் போல் செயற்கை வால்வு உள்ளவர்களும், முன்பே வால்வில் தொற்று வந்தவர்களும் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். இயற்கையான இரண்டிதழ் வால்வு மட்டுமே உள்ளவர்களுக்கு இப்போது அது பரிந்துரைக்கப்படுவதில்லை. காரணம் தெரியாத காய்ச்சல் சில நாட்களுக்கு மேல் நீடித்தால், மருந்துக்கடையில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுவிடக் கூடாது. முதலில் இரத்தத்தைக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துக் கண்டறியும்) பரிசோதனைக்குக் கொடுத்த பிறகே மருந்து தொடங்க வேண்டும். மாத்திரை ஒன்றிரண்டு உள்ளே போய்விட்டாலே கிருமி பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். எந்த மருத்துவரிடம் காய்ச்சலுக்குப் போனாலும் ‘எனக்கு வால்வில் பிறவிக் குறைபாடு இருக்கிறது’ என்பதையே முதல் வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

எல்லாப் பிறவி வால்வுக் குறைபாடுகளும் இப்படி ஆயுள் முழுவதும் இழுத்துக்கொண்டே போவதில்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். என் மகளுக்கு நுரையீரல் தமனி வால்வில் சுருக்கம் இருந்தது. பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவினர்தாம் கண்டுபிடித்து மாவட்டத் தலைமையிடத்தில் உள்ள இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற திட்டத்தின் கீழ், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை உள்ளவர்களை இவ்வாறு பரிசோதிக்கிறார்கள். தொடையிடுக்கில் உள்ள சிரை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, வால்வுக்குள் பலூனை விரித்து, ஒட்டியிருந்த இதழ்களைப் பிரித்தார்கள். நெஞ்சில் தழும்புகூட இல்லை. இந்த முறை 1982-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜீன் கான் என்ற மருத்துவரின் குழுவினரால் அறிமுகப்படுத்தப்பட்டது என்று எங்கள் மருத்துவர் கூறினார். இதே பலூன் முறையைக் காவிரிக்கரை அவர்களின் தம்பிக்கும் செய்ய முடியாதா?

சிறார் இதயம் எழுதியது:

நுரையீரல் தமனி வால்வுக்குப் பலூன் அளிக்கும் பலன் பெரும்பாலும் நீண்ட காலம் நிலைக்கிறது, அதனால் அங்கே அதுவே முதல் தேர்வு. ஆனாலும் அம்மா, பிற்காலத்தில் கசிவு ஏற்படுகிறதா என்று பார்ப்பதற்காக மகளின் கண்காணிப்பை விட்டுவிடாதீர்கள். பெருந்தமனி வால்வைப் பொறுத்தவரை, கடுமையான சுருக்கத்தோடு பிறக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் சிறுவர்களுக்கும் பலூன் கை கொடுக்கிறது. ஆயினும் அது காலத்தை வாங்கித் தரும் சிகிச்சையே. இதழ் கிழிந்து கசிவு வரவும் கூடும். சுண்ணாம்பு படிந்து கெட்டியான முதியோரின் வால்வில் அதனால் நிலையான பயன் கிடைப்பதில்லை. இந்தத் தம்பிக்கோ லேசான சுருக்கம்தான். இப்போது எந்தச் சிகிச்சையும் வேண்டியதில்லை.

கபடியைப் பற்றிய கேள்விக்கு விடையளிக்காமல் விட்டுவிட்டேன். ஓடுவதும் நீந்துவதும் மிதிவண்டி ஓட்டுவதும் அவருக்கு நல்லவையே. மூச்சை அடக்கிக்கொண்டு முழு வலுவோடு தள்ளுவதும் தூக்குவதும் இரத்த அழுத்தத்தைச் சட்டென்று உச்சிக்கு ஏற்றும். பெருந்தமனி விரிந்தவர்களுக்கு ஆகாதது அதுதான். பெருந்தமனியின் விட்டம் அவர் உடலுக்கு இயல்பானதே என்று தெரிந்தால் விளையாடத் தடையில்லை. விரிவு இருக்கிறது என்றால் கபடியையும் பளு தூக்குவதையும் விட வேண்டியிருக்கும். தொழிற்சாலையில் மூட்டை தூக்கும் வேலையா என்பதையும் கவனியுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் கூறியபடி குடும்பத்தில் எல்லோருக்கும் எக்கோ எடுத்தோம். அம்மாவுக்கும் எனக்கும் இயல்பாக உள்ளது. ஆனால் 56 வயதான அப்பாவுக்கும் இரண்டு இதழ்களே இருக்கின்றன. உச்ச வேகம் 4.3 மீட்டர், சராசரி அழுத்த வேறுபாடு 46, பெருந்தமனி 41 மில்லிமீட்டர். அவர் தனக்கு ஒன்றுமே இல்லை என்கிறார். ஆனால் வீட்டில் உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது: முன்பெல்லாம் மிதிவண்டியிலேயே பாலத்தின் மேல் ஏறிவிடுவார், இப்போது இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார், நடுவில் ஒருமுறை நின்றும் விடுகிறார். வயதாகிவிட்டது என்றுதான் நாங்களும் அவரும் எண்ணிக்கொண்டிருந்தோம். தம்பிக்காகத் தொடங்கிய இழை அப்பாவிடம் வந்து நிற்கிறது. செலவைப் பற்றியும் கவலையாக இருக்கிறது.

சிறார் இதயம் எழுதியது:

அந்தப் பாலத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே இதய மருத்துவரிடம் கூறுங்கள், எக்கோ அறிக்கைக்கு இணையான மதிப்பு அதற்கு உண்டு. கடுமையான சுருக்கம் உள்ளவர்கள் தம்மை அறியாமலேயே நடையையும் வேலையையும் குறைத்துக்கொண்டு ‘ஒன்றுமில்லை’ என்பார்கள். உங்கள் தந்தைக்கு இருப்பது அறிகுறியோடு கூடிய கடுமையான சுருக்கம் என்றே தோன்றுகிறது. இந்த நிலையில் வால்வு மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. சுருக்கத்தைக் கரைக்கும் மருந்து எதுவும் கிடையாது. இந்த வாரமே இதய அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அதுவரை பளுவான வேலை வேண்டாம். மயக்கமோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே சேர்த்துவிடுங்கள்.

தொடை வழியாக வால்வைப் பொருத்தும் முறையைப் பற்றியும் உங்களுக்குச் சொல்லக்கூடும். அது முதன்மையாக முதியோருக்காக வளர்ந்தது. அதன் பெரிய ஆய்வுகளில் இரண்டிதழ் வால்வு உள்ளவர்கள் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை. 56 வயதில் அறுவை சிகிச்சையே பொதுவான வழி.

பொருநை எழுதியது:

உலோக வால்வா திசு வால்வா என்று உங்கள் தந்தையிடம் கேட்பார்கள், அதனால் இரண்டையும் எழுதுகிறேன். பன்றி அல்லது மாட்டின் திசுவால் ஆனது திசு வால்வு. அதற்கு வாழ்நாள் முழுவதும் இரத்தம் உறையாமை மருந்து வேண்டியதில்லை. ஆனால் பத்து, பதினைந்து ஆண்டுகளில் தேய்ந்து மீண்டும் மாற்ற வேண்டி வரலாம், இளையோரிடம் இன்னும் விரைவாகத் தேயும். உலோக வால்வு தேயாது. அதற்குப் பதிலாக இரத்தம் உறையாமைக்கான அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரையை ஒரு நாளும் தவறாமல் சாப்பிட வேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட டி.டி.கே. சித்ரா வால்வுதான் எனக்குள் இருக்கிறது. வெளிநாட்டு வால்வுகளை விலை கொடுத்து வாங்க இயலாதவர்களுக்கு இந்த நாட்டில் ஒன்றைச் செய்து கொடுத்தவர்களை நான் நன்றியோடு நினைக்காத நாளில்லை.

மருந்து வாழ்க்கை எப்படி இருக்கும் என்றால், எனக்கு ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம். மறந்துவிடாமலிருக்க நாட்காட்டித் தாளில் அந்தந்த நாளின் அளவைச் சிவப்பு மையில் எழுதி, விழுங்கியதும் அடித்துவிடுவேன். மாதம் ஒருமுறை இரத்தம் கொடுத்து, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்க்கிறேன். பெருந்தமனி வால்வுக்குப் பொதுவாக 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் இரத்தக் கட்டி உருவாகிப் பக்கவாதம் வரலாம், கூடினால் இரத்தக்கசிவு ஏற்படலாம். முருங்கைக்கீரையைச் சாப்பிடவே கூடாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். கீரையை அறவே விட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் அறவே இல்லை என்றால்தான் அளவு தடுமாறும். ஏறக்குறைய ஒரே அளவாகச் சாப்பிட்டு வந்தால் மாத்திரையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளலாம். மூட்டுவலிக்காக டைக்ளோஃபெனாக், வயிற்றுப்போக்குக்காக மெட்ரோனிடசோல் என்று கடையில் கேட்டு வாங்குவதுதான் மிகவும் ஆபத்தானது. சதையில் போடும் ஊசியையும் தவிர்க்க வேண்டும். அடிக்கடி ஐ.என்.ஆர். பார்க்க வசதியில்லாத ஊரில் இருக்கிறீர்களா என்பதையும் சேர்த்து எண்ணித்தான் வால்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செலவுக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்களிடம் இருக்கிறதா? ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு அது கிடைக்கும். வால்வு மாற்று அறுவை சிகிச்சையும் அதில் அடங்கும். அட்டை இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குச் செல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்வரை காத்திராமல் இப்போதே செய்துவிடுங்கள்.

வெள்ளாறு எழுதியது:

சகோதரி, உங்கள் தந்தையின் பாலத்தைப் படித்த பிறகு என் முந்தைய கருத்தில் நான் நிற்கவில்லை. பெரியப்பாவின் பிள்ளைகளையும் எக்கோ எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

திருமணத்தைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பெண் வீட்டாரிடம் சொல்லிவிட வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். பின்னாளில் அவருக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் கையெழுத்திட வேண்டியவரும் உடன் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியவரும் அந்தப் பெண்தான். அவரிடம் மறைத்துவிட்டு அந்தப் பொறுப்பை அவர் தலையில் வைப்பது முறையாகாது.

சிறார் இதயம் எழுதியது:

நானும் அதையே சொல்வேன். அம்மாவின் அச்சம் எனக்குப் புரிகிறது. பெரும்பாலும் அது ‘இதயத்தில் ஓட்டை’ என்ற பேச்சிலிருந்து வருவது. தம்பியால் எல்லா வேலைகளையும் செய்ய முடியும், திருமண வாழ்வுக்குத் தடையில்லை, குழந்தை பிறந்தால் அதற்கு ஒரு எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்று இதய மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எளிது.

இதே வால்வு ஒரு பெண்ணுக்கு இருந்தால் இன்னொன்றும் சேரும். இழையைப் படிக்கும் பெண்களுக்காக இதைக் கூறுகிறேன். கருவுறுவதற்கு முன்பே சுருக்கத்தின் அளவையும் பெருந்தமனியின் விட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். கடுமையான சுருக்கத்தோடு அறிகுறியும் இருந்தாலோ, விட்டம் 50 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ முதலில் சிகிச்சை, பிறகே கருத்தரிப்பு. உலோக வால்வு உள்ள பெண்கள் நாள் தள்ளிப்போனவுடனே மருத்துவரிடம் வர வேண்டும். ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை வார்ஃபரின் வகை மருந்து கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிட்டால் வால்வில் இரத்தம் உறைந்து தாயின் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமைக்கான ஹெப்பாரின் ஊசிக்கு எப்போது மாறுவது, எப்போது திரும்புவது என்பதை இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்தே முடிவு செய்வார்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அப்பாவுக்குத் திங்கட்கிழமை அறுவை சிகிச்சைப் பிரிவில் முன்பதிவு கிடைத்துவிட்டது. காப்பீட்டு அட்டை அம்மாவின் பெயரில் இருப்பதைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்துவிட்டோம். தம்பியையும் உடன் அழைத்துச் செல்கிறேன். கையிலும் காலிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லி, அவனுடைய உச்ச வேகத்தையும் விட்டம் அளந்த இடத்தையும் எழுதி வாங்கிக்கொள்கிறேன். இருவருடைய எக்கோ குறுந்தகடுகளையும் கொண்டு போக வேண்டுமா, அல்லது அங்கேயே புதிதாக எடுப்பார்களா?

அலையும் படமும் எழுதியது:

அவர்கள் புதிதாக எடுப்பார்கள். ஆனாலும் இரண்டு குறுந்தகடுகளையும் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். பழைய படத்தையும் புதிய படத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்குத்தான் வளர்ச்சி தெரியும். குறுந்தகட்டின் மேல் பெயர், தேதி, உயரம், எடை நான்கையும் அழியாத மையால் எழுதிவிடுங்கள். அப்பாவைச் சட்டை முழுவதும் பொத்தான் வைத்ததாக அணிந்து வரச் சொன்னால் பரிசோதனைக்கு எளிதாக இருக்கும்.